உலைப் புகைவாயுவின் வெப்பத்தை மீட்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் உலைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்த முதல் வாரம். மூத்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் என்னைக் கொட்டகைக்கு வெளியே அழைத்துப்போய்ப் புகைபோக்கியின் உச்சியைக் காட்டினார். புகை சிறிதும் தெரியவில்லை. "நன்றாக எரிகிறது, அண்ணே" என்றேன். "புகையைத் தேடாதே தம்பி, அதற்குப் பின்னால் நிற்கும் தென்னையைப் பார்" என்றார். காற்றே இல்லாத அந்த மதியத்தில், தென்னை ஓலைகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவைபோல நெளிந்துகொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயின் சூடு அங்கே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நெளிவைப் பார்க்கும் கண் வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலையே புரிய ஆரம்பித்தது.

மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, கடலூர் சிப்காட் என்று நம் பக்கத்துத் தொழிற்கூடங்களில் உலையின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எண்ணெயோ எரிவாயுவோ எரித்து இரும்பைக் காய்ச்சும் உலை, அலுமினியம் உருக்கும் உலை, வார்ப்புகளைப் பதப்படுத்தும் உலை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மின்சார இண்டக்‌ஷன் உலைக்குப் பொருந்தாது. அங்கே எரிப்பும் இல்லை, புகைவாயுவும் இல்லை. வீணாகும் வெப்பத்தின் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு போகிறது. அதற்கு வேறு வழிகள் உண்டு.

பலர் ரெக்கூப்பரேட்டரின் (புகைவாயுவின் சூட்டை எரிகாற்றுக்கு மாற்றும் கருவி) விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் சிந்தும் தண்ணீரைப் பிடிக்க வெள்ளிப் பாத்திரம் வாங்குவதுபோல் ஆகிவிடும். வெப்பத்தை மீட்பதற்கு முன்னால், அது அவ்வளவு வெளியே போவதற்கான காரணத்தை நீக்க வேண்டும்.

முதலில் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

உங்களுக்கு நான்கு எண்கள் வேண்டும். உலையை விட்டு வெளியேறும் இடத்தில் புகைவாயுவின் வெப்பநிலை, அதே இடத்தில் அதிலுள்ள ஆக்சிஜனின் சதவீதம், ஒரு மணி நேரத்துக்குச் செலவாகும் எரிபொருள், அதே நேரத்தில் உலையிலிருந்து இறங்கிய சரக்கின் எடை.

வெப்பநிலைக்குக் கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் உலோகக் கம்பி உணரி) போதும். அதன் முனை வாயுப் பாதையின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். சுவரோரம் நின்றால் குறைத்துக் காட்டும். புகைபோக்கியின் அடியில் அளந்துவிட்டு அதையே உலையின் வெப்பநிலை என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். வழியில் கதவிடுக்கு, உடைந்த செங்கல், டேம்பர் (புகைப்பாதையைத் திறந்து மூடும் தகடு) சந்து என்று எத்தனையோ இடங்களில் குளிர்காற்று கலந்திருக்கும். அந்த அளவு உண்மையைச் சொல்லாது. ஆக்சிஜனுக்குக் கையடக்கக் கருவி வாடகைக்கும் கிடைக்கிறது. தகுதிச் சான்று பெற்ற ஆற்றல் தணிக்கையாளர்களிடமும் அது இருக்கும். எரிபொருளுக்கு மீட்டர் இல்லையென்றால் அன்றாடச் செலவுக்கு எண்ணெய் எடுக்கும் நாள் தொட்டியில் அளவுகோல் விட்டு மணிக்கொருமுறை குறியுங்கள்.

ஒரே நாள் அளந்துவிட்டு நிறுத்தக்கூடாது. பகல் ஷிஃப்டின் உலையும் இரவு ஷிஃப்டின் உலையும் வேறு வேறு உலைகள்போல நடந்துகொள்ளும்.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம்

ஃபர்னஸ் ஆயில் எனும் கனமான உலை எண்ணெயில் ஓடும் ஓர் உலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காகத்தான். மணிக்கு 60 கிலோ எண்ணெய், வெளியேறும் வாயு 750 டிகிரி, ஆக்சிஜன் 7 சதவீதம், வெளிக்காற்று 35 டிகிரி.

ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் முழுதாக எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று போதும். அதற்கு மேல் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஆக்சிஜன் அளவு சொல்லிவிடும். ஆக்சிஜன் சதவீதத்தை, 21-இலிருந்து அதையே கழித்து வரும் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 7-ஐ 14-ஆல் வகுத்தால் 50 சதவீதம் மிகைக்காற்று. ஆக, ஒரு கிலோ எண்ணெய்க்கு 21 கிலோ காற்று உள்ளே போகிறது. எண்ணெயையும் சேர்த்து 22 கிலோ புகைவாயு வெளியே வருகிறது.

இந்த வாயுவின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.26 கிலோ கலோரி வேண்டும். வாயுவின் 750 டிகிரியிலிருந்து வெளிக்காற்றின் 35-ஐக் கழித்தால் 715; 22 × 0.26 × 715 என்று பெருக்கினால் ஏறக்குறைய 4,090 கிலோ கலோரி. ஒரு கிலோ எண்ணெயில் இருப்பது சுமார் 10,000 கிலோ கலோரி. நூறு ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினால் அதில் நாற்பத்தொரு ரூபாய் புகைபோக்கி வழியே போகிறது. இந்தக் கணக்கை உங்கள் உலைக்கு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதன்பிறகு அந்த உலையைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

செலவில்லாத மீட்பு: காற்றைக் கட்டுங்கள்

இப்போது கருவி எதுவும் வாங்காமல் ஆக்சிஜனை 7-இலிருந்து 3 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். மிகைக்காற்று 17 சதவீதமாகிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு வெளியேறும் வாயு 17.3 கிலோவாகக் குறைகிறது. வெளியேறும் வெப்பமும் 3,216 கிலோ கலோரியாக இறங்குகிறது. முன்பு உலைக்குள் தங்கியது 5,910, இப்போது 6,784. அதே வேலைக்கு 60 கிலோவுக்குப் பதில் 52 கிலோ எண்ணெய் போதும். 13 சதவீதம் மிச்சம். இதற்கான செலவு கொஞ்சம் செராமிக் பஞ்சு, கொஞ்சம் தீச்செங்கல், உங்கள் கவனம்.

மிகைக்காற்று இரண்டு வழியில் வரும். ஒன்று பர்னரில் (எரிபொருளைக் காற்றோடு கலந்து எரிக்கும் முனை) காற்றை அதிகம் திறந்து வைப்பது. இன்னொன்று உலை தானாக உறிஞ்சுவது. இரண்டாவதுதான் நம் ஊர் உலைகளில் பெரிய திருடன். புகைபோக்கியின் இழுவை அதிகமாகி உலைக்குள் அழுத்தம் குறைந்துவிட்டால், கதவுச் சந்து, பார்க்கும் துளை, பில்லட் (காய்ச்ச வேண்டிய இரும்புக் கட்டை) தள்ளும் வாய் என்று கிடைத்த வழியிலெல்லாம் குளிர்காற்று நுழையும். அதை வெறுமனே சூடாக்கி வெளியே அனுப்புவதற்கு எண்ணெய் எரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு நீண்ட கம்பியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, தள்ளி நின்றபடி கதவின் அடிச்சந்துக்கு அருகே நீட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் உலை காற்றைக் குடிக்கிறது என்று பொருள். டேம்பரைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வாருங்கள். புகை உள்ளேயும் போகாமல், தீயும் வெளியே பாயாமல், கதவோரத்தில் லேசாகச் சூடு மட்டும் தட்டும் நிலை ஒன்று வரும். அங்கே டேம்பர்க் கைப்பிடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அளவு மீறி மூடினால் தீ வெளியே பாய்ந்து கதவுச் சட்டத்தையும் ஆட்களையும் சுடும். ஆக்சிஜனை 2 சதவீதத்துக்கும் கீழே இறக்க முயலாதீர்கள். எரியாத எண்ணெய் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறத் தொடங்கிவிடும்.

மீட்ட வெப்பத்தை எங்கே சேர்ப்பது?

எந்த உலையிலிருந்து எடுத்தோமோ அந்த உலைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் சிறந்தது. இது என் உறுதியான கருத்து. காரணம் நேரம். உலை எரியும்போதுதான் புகைவாயு இருக்கும், அதே நேரத்தில்தான் உலைக்கும் வெப்பம் வேண்டும். வேறு பிரிவுக்குச் சூடு அனுப்பத் திட்டமிட்டால், இங்கே உலை நிற்கும் நேரத்தில் அங்கே தேவை வரும், அங்கே தேவையில்லாத நேரத்தில் இங்கே உலை எரியும்.

உலைக்கே திருப்புவதில் முதலிடம் சரக்குக்கு. வெளியேறும் வாயுவின் பாதையில் குளிர்ந்த பில்லட் எதிர்த்து வந்தால், குழாயும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம், வெப்பம் நேராக இரும்பில் ஏறிவிடும். உலையின் முன்பகுதியை நீட்டிக் கட்ட இடம் இருந்தால் முதலில் அதை யோசியுங்கள்.

அலுமினியம் உருக்குபவர்களுக்கு இது உயிர்காக்கும் காரியமும் ஆகும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இரவு முழுக்கக் கிடந்த கட்டியின் மேலும், அதன் வெடிப்புகளுக்குள்ளும் தண்ணீர் இருக்கும். அதை உருகிய உலோகத்துக்குள் போட்டால் தண்ணீர் கணத்தில் ஆவியாகி, உலோகம் வெடித்துச் சிதறும். புகைவாயு போகும் வழியில் ஒரு மேடை அமைத்து, அடுத்த தடவைக்கான கட்டிகளை அதில் அடுக்கி வைத்தால் ஈரமும் போகும், எண்ணெயும் மிச்சமாகும். புதிதாக வருபவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்தது எரிகாற்றைச் சூடேற்றுவது. அதற்குத்தான் ரெக்கூப்பரேட்டர். உலோகச் சுவரின் ஒரு பக்கம் சூடான புகைவாயுவும் மறுபக்கம் பர்னருக்குப் போகும் காற்றும் ஓடும். இரண்டும் கலப்பதில்லை. நம் உதாரண உலையில் காற்றை 35-இலிருந்து 300 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு கிலோ எண்ணெய்க்கு 1,037 கிலோ கலோரி திரும்பி உள்ளே வருகிறது. 52 கிலோ எண்ணெய் 45 கிலோவாக இறங்கும். எரிகாற்றில் ஏறும் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு சதவீத எரிபொருள் மிச்சம் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். கணக்கும் அதையொட்டியே வருகிறது.

மணிக்கு 7 கிலோ என்பதை நாளுக்கு 20 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று பெருக்கினால் 42 டன். கடைசியாக வந்த எண்ணெய்ப் பில்லின் விலையால் அதைப் பெருக்கி, கருவியின் மொத்தச் செலவை அதனால் வகுத்தால், முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரிந்துவிடும். மொத்தச் செலவில் குழாய், வெப்பக்காப்பு, ஃபேன், வேலை நிற்கும் நாட்கள் எல்லாம் சேர வேண்டும்.

ரெக்கூப்பரேட்டரைத் தாண்டிய பிறகும் இந்த உதாரணத்தில் வாயு 500 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே வெந்நீரோ நீராவியோ எடுக்கலாம். தண்ணீர்க் கொள்ளளவு 25 லிட்டருக்கு மேற்பட்ட நீராவிக் கொதிகலன் பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. பதிவும் ஆய்வும் இல்லாமல் உள்ளூர்ப் பட்டறையில் தொட்டி அடித்து நீராவி எடுக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிற்கூடங்களிலிருந்தும் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பருப்பை உலர்த்த 60, 70 டிகிரிக் காற்று போதும் என்பதால் அங்கே புகைவாயு வெப்பத்துக்கு நல்ல பயன் உண்டு. ஆனால் புகைவாயு பருப்பைத் தொடவே கூடாது. சுவருக்கு அப்பால் சூடான சுத்தமான காற்றுதான் போக வேண்டும். எரிப்பது முந்திரித் தோடு என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோட்டிலுள்ள எண்ணெய் முழுதாக எரியாமல் வந்து குழாய்களில் தார்போலப் படியும். நெருக்கமான குழாய்கள் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், படிந்தது தீப்பிடிக்கவும் கூடும். இடைவெளி அதிகமான குழாய்களும், தூரிகை விட்டுத் துடைக்கத் திறப்புகளும் இருந்தே ஆக வேண்டும்.

ரெக்கூப்பரேட்டரைச் சாகவிடாமல் வைப்பது

கடலூர்ப் பக்கத்தில் நான் வேலை பார்த்த, காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டும் ஒரு ரோலிங் மில்லில் புதிய ரெக்கூப்பரேட்டர் வைத்தார்கள். சில மாதங்களிலேயே எண்ணெய்ச் செலவு பழையபடி ஏறியது. திறந்து பார்த்தபோது முதல் இரண்டு வரிசைக் குழாய்கள் வாடிய வாழைத்தண்டுபோலத் தொங்கிக்கிடந்தன. குழாயின் தரத்தைத்தான் எல்லோரும் முதலில் குறை சொன்னார்கள். பிறகு ஷிஃப்டுப் பதிவேட்டைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது. இரவில் ரோல் மாற்ற மில்லை நிறுத்தும்போதெல்லாம் பர்னரோடு, அதற்குக் காற்றை ஊதும் புளோயரையும் நிறுத்தியிருந்தார்கள். மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் உலைக்குள் இருக்கும் செங்கல் 1,200 டிகிரியில் கனன்றுகொண்டே இருக்கிறது. புகைபோக்கி அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. குழாய்க்குள் ஓடும் காற்றுதான் குழாயைக் குளிர்விப்பது. அது நின்றதும் வாயுவின் முழுச் சூட்டையும் வெறும் உலோகம் தாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாய்களைக் கழற்றி இறக்கிய நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது. தடுத்திருக்கக்கூடிய சேதம் அது.

அதனால் இவற்றை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். புளோயர் நின்றால் புகைவாயுவைத் திருப்பிவிடும் மாற்றுவழி இருக்கிறதா? வாயு அளவு மீறிச் சூடானால் வெளிக்காற்றைக் கலந்து தணிக்கும் தனி ஃபேன் இருக்கிறதா? தீயைக் குறைக்கும் நேரத்தில் குழாய்க்குள் போதிய காற்று ஓடும்படி, உபரியை வெளியே விடும் வால்வு உண்டா? குழாய்ச் சுவரின் வெப்பநிலை எல்லை மீறினால் அலாரம் அடிக்கிறதா? இந்த நான்கும் இல்லாமல் மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவு வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது என்பதையும் ஒரு பலகையில் எழுதி, உலையருகே எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.

உலோகத்தைப் பொறுத்தவரை, சாதாரண எஃகு 425 டிகிரி வாக்கில் வலுவிழக்கத் தொடங்கும். 304 வகைத் துருவுறா எஃகு 850 வரை தாங்கும். அதற்கும் மேலே 310 வகை. இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது குழாய்ச் சுவரின் சூட்டை. அது காற்றுக்கும் வாயுவுக்கும் இடைப்பட்டதாக இருக்கும்.

குளிர்ந்த முனையிலும் ஆபத்து உண்டு. ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் இருக்கிறது. வாயு அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கந்தக அமிலம் உலோகத்தின் மேல் வியர்வைபோலப் படிந்து அரிக்கும். அந்த எண்ணெய்க்கு வாயுவை 170 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருப்பது என் வழக்கம். கடைசித் துளி வெப்பத்தையும் பிழிந்தெடுக்க ஆசைப்பட வேண்டாம்.

பர்னரும் புளோயரும்

35 டிகிரிக் காற்று 300 டிகிரி ஆகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. பழைய குழாயும் பழைய பர்னரும் அதற்குப் போதாமல் போகலாம். பர்னர் தயாரித்தவரிடம், எத்தனை டிகிரிக் காற்றை அது தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். எண்ணெயைத் துகளாக்கும் காற்றைச் சூடாக்கக் கூடாது. எண்ணெய் பீய்ச்சும் நாசிலுக்குள்ளேயே எண்ணெய் கரிந்து அடைத்துக்கொள்ளும். சூடேற்றும் காற்று எரிப்புக்கான இரண்டாம் காற்று மட்டுமே. காற்று சூடாகச் சூடாக அதே வால்வுத் திறப்பில் போகும் காற்றின் எடை குறையும் என்பதால், வேலை முடிந்ததும் ஆக்சிஜனை மறுபடி அளந்து விகிதத்தைத் திருத்த வேண்டும்.

புகைபோக்கியின் இழுவை சூட்டால் வருவது. வாயுவைக் குளிர்வித்தால் இழுவை குறையும், குழாய் வரிசைகள் தடையையும் கூட்டும். உயரம் குறைந்த புகைபோக்கி என்றால் இழுக்கும் ஃபேன் ஒன்று தேவைப்படும்.

கடலும் மழையும்

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்பது வீட்டில் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பழைய உலைகள் பலவற்றில் புகைவாயு தரைக்கடியில் செங்கல் சுரங்கத்தில் ஓடுகிறது. அடைமழையில் அதற்குள் நீர் ஊறிவிட்டால், புகைவாயுவின் சூடெல்லாம் தண்ணீரைக் காய்ச்சவே போய்விடும், இழுவையும் படுத்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் வெப்பநிலை அளவு விளக்கமில்லாமல் இறங்கினால் முதலில் சுரங்கத்தைச் சந்தேகியுங்கள். புதிதாக அமைப்பதென்றால் ரெக்கூப்பரேட்டரைத் தரைக்கு மேலே வையுங்கள்.

சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன் உலை ஆறியிருக்க வேண்டும், ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் அளக்கப்பட்டிருக்க வேண்டும், வெளியே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். "ஐந்து நிமிட வேலைதானே" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கூரைத் தகடுகள் என்ன பாடு பட்டன என்று பார்த்தவர்கள் நாம். வெளியே போகும் சூட்டுக்காற்றுக் குழாய்களின் மேலுறைத் தகட்டைக் காற்றுத் தாங்கும்படி முடுக்குங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். உப்பும் மழைநீரும் வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் புகுந்தால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே குழாய் துருப்பிடித்துத் தின்னப்பட்டுவிடும். ஆண்டுக்கொருமுறை, மழைக்குப் பிறகு, சில இடங்களில் உறையைத் திறந்து பாருங்கள்.

அனுமதி பற்றி ஒரு வரி: எரிப்பு அமைப்பையோ புகைபோக்கியையோ மாற்றும் முன், புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடமும், கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்டுவிடுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

ரெக்கூப்பரேட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் அளக்கத் துளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போனால் ஏதோ ஒரு குழாய் ஓட்டை. புளோயரின் காற்று பர்னருக்குப் போகாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போகிறது. ஆக்சிஜன் மாறாமல், வாயுவின் சூடு மட்டும் பின்பக்கத்தில் ஏறி, காற்றின் சூடு குறைந்தால் குழாய்களில் கரி படிந்திருக்கிறது, துடைக்கும் நேரம் வந்துவிட்டது. இந்த மூன்று அளவுகளையும் ஷிஃப்டுக்கு ஒருமுறை உலையருகே தொங்கும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதுபவரிடம் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதையும் விளக்கிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு உலையருகே நிற்பவர் அவர்தான்.